வைப்பர் ஓடாத காலம்

கடந்த டிசம்பரில், மாரி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகல், சாய்ந்தமருதைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். திருமணங்களுக்கு வாடகைக்கு விடுவதற்கென்று 1959ஆம் ஆண்டுத் தயாரிப்பான மொறிஸ் மைனர் கார் ஒன்றை அவர் வாங்கியிருந்தார். நிறம் பூசி, இருக்கைகளுக்குப் புதிய உறை தைத்து, மணப்பெண்ணைப் போலவே காரையும் அலங்கரித்து வைத்திருந்தார். வைப்பர் மட்டும் ஓடவில்லை. சுவிட்சைப் போட்டால் இரண்டு தடவை தயங்கித் தயங்கி அசையும். பின்னர் கண்ணாடியின் நடுவில் வந்து நின்றுவிடும். மூன்று கராஜ்களில் காட்டியிருக்கிறார். மூன்றிலும் ஒரே பதில். இதைக் கழற்றி எறிந்துவிட்டு ஜப்பான் கார் ஒன்றின் மோட்டாரைப் பூட்டுவோம் என்றார்களாம். அவருக்கு மனம் ஒப்பவில்லை.

"சேர், உங்கட வாப்பாவும் இந்தக் கார்தானே ஓடினவர்? அந்தக் காலத்துல இத ஆரு திருத்தின?"

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறரிடம் கேள்வி கேட்டே பழகிவிட்ட எனக்கு இந்தக் கேள்வி புதிது. கல்முனையின் அரசியலைப் பற்றி எழுதியிருக்கிறேன். நெல்லைப் பற்றியும் மீனைப் பற்றியும் மருதமுனைக் கைத்தறியைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். கார்களைக் கட்டிக் காத்த கைகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. அந்தக் கடனைத் தீர்ப்பதற்காகவே இக்கட்டுரை.

முதலில் எமது காலநிலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேற்குக் கரையைப் போல இங்கு மழை ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்வதில்லை. வடகீழ்ப் பருவக்காற்றோடு வரும் மழை பெரும்பாலும் நவம்பர் தொடக்கம் ஜனவரி வரையில் கொட்டித் தீர்த்துவிடும். எஞ்சிய மாதங்களில் வைப்பருக்கு வேலையே இல்லை. ஆனால் கடலின் உப்புக்காற்றுக்கு விடுமுறை கிடையாது. ஒன்பது மாதம் அசையாமல் உப்பைக் குடித்துக்கொண்டிருந்த பொறி, பத்தாவது மாதம் திடீரென்று இரவு பகலாக உழைக்க வேண்டும். வைப்பர் என்னும் சிறு பொறிக்கு இதைவிடக் கடுமையான சோதனையை யாரும் திட்டமிட்டு வகுக்க முடியாது. பிரித்தானிய லூக்காஸ் நிறுவனத்தின் மின்சாதனங்களை வைத்து அந்நாட்டுக் கார்ப் பிரியர்கள் "இருளின் இளவரசர்" என்று கேலி பேசுவதுண்டு. எங்கள் கரையில் அந்த மோட்டார்கள் நின்றுபோனதற்கு லூக்காஸைக் குறை கூறுவது நியாயமாகாது என்பதே என் கருத்து. இங்கிலாந்தின் தூறலுக்குச் செய்யப்பட்ட பொறி அது.

மொறிஸ் மைனர் 1948 ஒக்டோபரில் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ்; பின்னாளில் மினி காரையும் இவரே உருவாக்கினார். தொடக்கத்தில் முன்கண்ணாடி நடுவில் பிளவுபட்டிருந்தது. 1956இல் வெளிவந்த மைனர் 1000இல் அது ஒரே வளைந்த கண்ணாடியாயிற்று. அக்கண்ணாடியின் மீது இரண்டு வைப்பர்களும் கைதட்டுவதைப் போல எதிரெதிர்த் திசையில் அசையும். 1963இல்தான் இரண்டும் ஒரே திசையில் சேர்ந்தசையும் முறைக்கு மாற்றப்பட்டன. இளைஞரின் கார் கைதட்டும் வகையைச் சேர்ந்தது. எங்கள் வாப்பாவின் காரும் அதுவே.

இவ்வகைக் கார்கள் இலங்கைக்கு ஏராளமாக வந்தன. சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துக்களில் இரண்டிரண்டை எடுத்து அமைத்த இலக்கத் தகடுகளோடு பல வந்தன. 1957 ஜனவரிக்குப் பின்னர் பதிவானவை சிங்கள "ஸ்ரீ" எழுத்தோடு வந்தன. அந்த ஓர் எழுத்தின் மீது தார் பூசப்பட்டதும், 1958இல் நாடு கொந்தளித்ததும் தனிக் கட்டுரைக்குரியவை. இங்கு சொல்ல வேண்டியது வேறொன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1968 மே மாதத்தில் அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறை வந்தது. குறிப்பிட்ட பொருட்களை இறக்குமதி செய்வோர் உத்தியோகபூர்வ நாணய மாற்று வீதத்துக்கு மேல் முதலில் 44 வீதமும், படிப்படியாக உயர்ந்து 1972இல் 65 வீதமும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் கலாநிதி என்.எம். பெரேரா நிதியமைச்சராக இருந்த காலத்தில் கதவு ஏறக்குறைய முழுமையாகவே சாத்தப்பட்டது. அதே 1970இல் இங்கிலாந்தில் மைனர் சலூன் காரின் உற்பத்தியும் நின்றது.

அரிசி, மாவு, துணி ஆகியவற்றுக்கே வரிசை நின்ற காலத்தில் வைப்பரைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? கவலைப்பட்டவர்கள் வாடகைக் கார் சாரதிகள். புதிய கார் வராது. பழைய கார்தான் சோறு போட வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகக் கடைகள் இருந்தன. ஆனால் கல்முனையிலிருந்து அங்கு போய் வருவதென்றால் இரண்டு நாள் உழைப்புப் போய்விடும். போனாலும் கிடைக்கும் என்ற உத்தரவாதமில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வைப்பரில் முதலில் பழுதாவது அதன் இறப்பர் நாக்கு. இலங்கையோ இறப்பர் விளைகின்ற நாடு. 1952இல் சீனாவுடன் செய்துகொண்ட புகழ்பெற்ற ஒப்பந்தத்தின்படி ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பரைக் கொடுத்து 270,000 தொன் அரிசியைப் பெற்ற நாடு. அப்படிப்பட்ட நாட்டில், ஒரு முழம் நீளமும் இல்லாத வைப்பர் இறப்பருக்காக எங்கள் வாப்பா சைக்கிள் ரியூப்பை வெட்டிச் செருகிக்கொண்டிருந்தார். ரியூப் இறப்பர் ஒரு வாரம் தாங்கும். அதன் பின்னர் ஓரம் வெடித்து, கண்ணாடியைத் துடைப்பதற்குப் பதிலாகக் கோடு கோடாகச் சேற்றைப் பூசும். ஆகவே மழைக்கு முன்னர் கண்ணாடியில் நனைத்த புகையிலையைத் தேய்த்துவிடுவார்கள். தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் மெல்லிய படலமாக வழியும். ஓரளவுக்குப் பாதை தெரியும். சாரதிகளின் சட்டைப் பையில் இருந்த புகையிலை எல்லாம் வாயில் போடுவதற்காக இருந்ததல்ல.

மோட்டாரே நின்றுவிட்டால்? 1976 டிசம்பரில் ஓர் இரவு அது நிகழ்ந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. நிந்தவூரிலிருந்து பிரசவ வலியெடுத்த ஒரு பெண்ணையும் அவருடைய தாயாரையும் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். கல்முனையில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது வைப்பர் உயிரை விட்டது. வாப்பா இறங்கி, மோட்டாரிலிருந்து வைப்பர் வடத்தைக் கழற்றிவிட்டார். இது முக்கியம், வடம் மோட்டாரோடு பூட்டியிருந்தால் வைப்பரைக் கையால் அசைக்க முடியாது. பின்னர் மருதமுனைக் கைத்தறி நூலை முறுக்கிய கயிறொன்றைச் சாரதிப் பக்க வைப்பரில் கட்டி, ஒரு முனையை வலப்புறச் சிறு முக்கோண ஜன்னல் வழியாகவும் மறுமுனையை இடப்புற ஜன்னல் வழியாகவும் உள்ளே எடுத்தார். நித்திரையிலிருந்த என்னை எழுப்பி முன் இருக்கையில் ஏற்றினார். "நான் இழுத்தா நீ உடு மனெ, நான் உட்டா நீ இழு" என்பதே எனக்குத் தரப்பட்ட முழுப் பயிற்சி.

பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை, கல்லாறு, களுவாஞ்சிக்குடி என்று நாற்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரம். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் கயிறு. பின்னிருக்கையில் அந்தப் பெண் முனகும் ஒலி. கல்லாற்றை அண்டிய பாதையில் வாவி எது, வீதி எது என்று புரியவில்லை. 1924இல் கட்டப்பட்ட கல்லடிப் பாலத்தில் ஒரு வாகனம் போகத்தான் இடமுண்டு. எதிரே வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பதற்காக வாப்பா காரை நிறுத்தி இறங்கி நின்று பார்த்தார். ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது விடிவதற்கு வெகுநேரம் இருந்தது. குழந்தை காலையில் பிறந்ததாகப் பின்னர் செய்தி வந்தது. என் இடது உள்ளங்கையில் நூல் அறுத்த தடம் பெருநாள் வரைக்கும் இருந்தது.

பல ஆண்டுகளின் பின்னர், பத்திரிகை அலுவலகத்தில் ஒரு சிறப்பிதழுக்காகத் தகவல் தேடிக்கொண்டிருந்தபோது மேரி அண்டர்சன் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றி வாசித்தேன். அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த இவர் நியூயோர்க் சென்றிருந்தபோது, பனி படிந்த கண்ணாடியினூடாகப் பாதை தெரியாமல் டிராம் வண்டிச் சாரதி திண்டாடுவதைக் கண்டார். உள்ளேயிருந்து கையால் இயக்கும் நெம்புகோல் ஒன்றையும் அதனோடிணைந்த இறப்பர் துடைப்பானையும் வடிவமைத்து, 1903 நவம்பர் 10ஆம் திகதி காப்புரிமை பெற்றார். 1905இல் கனடிய நிறுவனம் ஒன்று அதில் வணிகப் பெறுமதி எதுவுமில்லை என்று கைவிரித்தது. காப்புரிமைக் காலம் முடிந்து கார்கள் பெருகியபோது அவருக்குச் சல்லிக்காசும் கிடைக்கவில்லை. 1926இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் மின்மோட்டாரால் இயங்கும் வைப்பரைக் கொண்டுவந்தது. கணக்குப் பார்த்தேன். 1976இல் கல்முனையில் நாங்கள் இருவரும் கயிறு இழுத்த இரவுக்கும் மேரி அண்டர்சனின் நெம்புகோலுக்கும் இடையில் எழுபத்து மூன்று ஆண்டுகள். இறக்குமதிக் கட்டுப்பாட்டின் விளைவை எடுத்துக்காட்டுவதற்குப் பொருளியலாளர்கள் அட்டவணை போடுவார்கள். எனக்கு இந்தக் கணக்கே போதும்.

ஃபோர்ட் கார் வைத்திருந்தவர்களின் துன்பம் வேறு வகை. பழைய பிரிபெக்ட், ஆங்கிலியா கார்களில் வைப்பருக்கு மின்மோட்டாரே கிடையாது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் வெற்றிட விசையால் அது அசையும். எஞ்சின் சும்மா ஓடும்போதும் இறக்கத்தில் இறங்கும்போதும் வெற்றிடம் அதிகம், வைப்பர் பறக்கும். ஏற்றத்தில் அக்ஸிலேட்டரை மிதித்தால் வெற்றிடம் குறைந்து வைப்பர் சோர்ந்துவிடும். தட்டையான எமது கரையோரத்தில் இது அவ்வளவு தெரியாது. மகியங்கனையிலிருந்து பதினெட்டு வளைவு ஏறிக் கண்டிக்குப் போகும்போதுதான், பார்வை மிகத் தேவையான இடத்தில், வைப்பர் நின்றுபோகும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு கணம் காலை எடுத்து, வைப்பர் ஒருமுறை துடைத்ததும் மீண்டும் மிதிப்பார்கள்.

இனி, இளைஞரின் கேள்விக்கு வருகிறேன். யார் திருத்தினார்கள்?

கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் சம்மாந்துறையிலும் ஓலைக் கொட்டில்களில் வேலை செய்த மெக்கானிக்குகள் திருத்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தொழிற்கல்வி பெற்றவர்களல்லர். எங்கள் வாப்பாவின் காரைப் பார்த்தவரை ஊரே காக்கா என்று அழைத்தது. நானும் அப்படியே அழைக்கிறேன். எண்பதைத் தாண்டிய அவர் இன்றும் இருக்கிறார், கைதான் நடுங்குகிறது. இளைஞரையும் காரையும் அவருடைய வீட்டுக்கே கொண்டு சென்றேன்.

காக்கா கதிரையை முற்றத்தில் போடச் சொல்லி அமர்ந்தார். முதலில் மோட்டாரிலிருந்து வடத்தைக் கழற்றி, மோட்டாரை மட்டும் தனியே ஓடவிடச் சொன்னார். விர்ரென்று ஓடியது. "மோட்டாருல ஒண்டும் இல்ல. மூணு பேரும் நோயில்லாத ஆளுக்கு மருந்து எழுதியிருக்கானுகள்" என்றார்.

இந்த இடத்தில் பொறியின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். மோட்டாரின் சுழற்சி, பல்சில்லு ஒன்றின் மூலம் முன்னும் பின்னுமான அசைவாக மாற்றப்படுகிறது. அந்த அசைவை ஏந்திச் செல்வது, திருகாணிபோல வெளியே கம்பிச் சுருள் சுற்றிய ஒரு வடம். அது வளைந்த குழாய்க்குள் ஓடுகிறது. கண்ணாடிக்குக் கீழே இரண்டு இடங்களில் "வீல் பொக்ஸ்" எனப்படும் சிறு பெட்டிகள் உண்டு. அவற்றிலுள்ள பல்சில்லுகளை வடம் அங்குமிங்கும் திருப்ப, அவற்றின் அச்சில் பூட்டிய வைப்பர் கைகள் அசைகின்றன. குழாய்க்குள் இருக்கும் கிறீஸ் காலப்போக்கில் மெழுகாக இறுகிவிடும். அச்சினுள்ளே உப்புத் துரு பிடிக்கும். இரண்டும் சேர்ந்து பிரேக் போல மோட்டாரை மறிக்கும். மோட்டார் சூடாகும், வேகம் குறையும், நிற்கும். பார்ப்பவருக்கு மோட்டார் பழுதானதாகவே தோன்றும்.

லூக்காஸின் கையேடுகளில் இதற்கு ஒரு சோதனை உண்டு. வைப்பர் கைகளைக் கழற்றிவிட்டு, வடத்தின் முனையில் வில்தராசைக் கொளுவி இழுக்க வேண்டும். ஆறு இறாத்தலுக்கு, அதாவது ஏறக்குறைய 2.7 கிலோவுக்கு மேல் விசை தேவைப்படக் கூடாது. காக்கா அந்தக் கையேட்டை வாசித்தவரல்லர். ஆனால் அவருடைய கொட்டிலில் எப்போதும் மீன் வியாபாரியின் வில்தராசு ஒன்று தொங்கும். அன்றும் அதைத்தான் எடுத்துவரச் சொன்னார். ஐந்து கிலோவைத் தாண்டியும் வடம் அசையவில்லை.

மோட்டாரே பழுதான காலங்களில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். காபன் தேய்ந்திருந்தால் லொறி டைனமோவின் பெரிய காபனை அரத்தால் அராவி அளவுக்குக் கொண்டுவருவாராம். காபன் உரசும் செப்பு வளையம் கறுத்திருந்தால் கண்ணாடித் தூள் கடதாசியால் மட்டுமே துடைக்க வேண்டும். இரும்புக்குப் போடும் உப்புத்தாளின் துகள் செப்புக் கீற்றுகளுக்கிடையில் சிக்கி மின்னைக் கடத்திவிடும். அதைவிட அதிகமாக அவர் சந்தித்தது மோட்டாரின் உடலுக்கும் காரின் உடலுக்கும் இடையிலான தொடர்பு உப்பால் அறுந்துபோவது. ஒரு துண்டு வயரை மோட்டார் உடலிலிருந்து பற்றரிக்குத் தொட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். மைனரில் பற்றரியின் நேர்முனைதான் காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். பிற்காலக் கார்களில் பழகியவர்கள் அதைத் தலைகீழாகப் பூட்டிவிட்டு வருவார்களாம். அந்த வைப்பர் மோட்டார் அப்போதும் அதே பக்கமாகத்தான் சுழலும், ஏனெனில் அதில் நிரந்தரக் காந்தம் இல்லை, கம்பிச் சுற்றே காந்தமாகிறது. ஆகவே பிழை வைப்பரில் தெரியாது, டைனமோ எரியும்போதுதான் தெரியும் என்றார். பாடசாலையில் எட்டாம் வகுப்பைத் தாண்டாத மனிதர்.

1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் ஜப்பான் கார்கள் வரத் தொடங்கின. நின்று நின்று துடைக்கும் வைப்பரையும் அவற்றோடுதான் இங்கு கண்டோம். அதை வடிவமைத்த அமெரிக்கர் றொபர்ட் கேர்ன்ஸ், ஃபோர்ட் மீது 1978இல் தொடுத்த வழக்கு 1990இல்தான் அவருக்குச் சாதகமாக முடிந்தது. காக்காவுக்கு வழக்கெல்லாம் தெரியாது. "நடுவுல நிக்கிற வைப்பரப் பாத்து, பழுதெண்டு நினைச்சுக் கழட்டிட்டன்" என்று சிரித்தார்.

1978 நவம்பர் 23ஆம் திகதிய சூறாவளியில் வாப்பாவின் காருக்கு மேல் தென்னை விழுந்தது. கூரை நெளிந்ததே தவிர கார் தப்பியது. 1990க்குப் பின்னரான யுத்த காலத்தில் அது இன்னொரு சோதனைக்கு உள்ளானது. இரவில் சோதனைச் சாவடியை நெருங்கும்போது முன்விளக்கைத் தணித்து, உள்விளக்கைப் போட்டு, மெதுவாகச் செல்ல வேண்டும். மழையில் சிப்பாய் கை காட்டுவது தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. அந்தக் காலத்தில் ஹோர்ன் இல்லாமல் ஓடிய கார்களைக் கண்டிருக்கிறேன். வைப்பர் இல்லாமல் மாரி இரவில் எவரும் வீதியில் இறங்கவில்லை.

இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர் 1990களில் எமது நாட்டுப் பங்காளியோடு சேர்ந்து, தென்னிலங்கையில் மைனர் உதிரிப்பாகங்களைச் செய்வித்து இங்கிலாந்துக்கு எடுத்தார் என்பது பலருக்குத் தெரியாது. கார் பிறந்த நாட்டுக்கு இங்கிருந்து தகடு போனது! அந்தச் செய்தியைப் படித்தபோது எங்கள் ஊர்க் கொட்டில்களை நினைத்துக்கொண்டேன்.

2004 டிசம்பர் 26. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரையோரங்கள் இழந்தவற்றை இங்கு மீண்டும் எழுதப் போவதில்லை. மனிதர்களை இழந்த இடத்தில் பொருட்களைப் பேசுவது பொருத்தமுமல்ல. ஆயினும் இந்த வரலாற்றோடு தொடர்புடையது என்பதால் ஒன்றைக் குறிப்பிடுகிறேன். காக்காவின் கொட்டில் கடலோரமாக இருந்தது. நாற்பது ஆண்டுகளாகக் கழித்த கார்களிலிருந்து அவர் சேர்த்த வீல் பொக்ஸ்கள், வடங்கள், மோட்டார்கள் எல்லாம் ஒரு மரப்பெட்டியில் இருந்தன. பெட்டி கிடைக்கவில்லை. வாப்பாவின் கார் ஒரு மதிலில் செருகிக் கிடந்தது. வாப்பா அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார் என்பது ஓர் ஆறுதல்.

முற்றத்துக்குத் திரும்புவோம். இளைஞர் குழாயை மண்ணெண்ணெயால் கழுவி, வடத்துக்குப் புதிய கிறீஸ் பூசினார். அதன் பின்னர் சாரதிப் பக்க வீல் பொக்ஸைத் திறந்தார்கள். அதனுள்ளிருக்கும் பல்சில்லு முழு வட்டமாகச் சுழல்வதில்லை. வட்டத்தின் ஒரு பகுதி மட்டுமே அங்குமிங்கும் அசைகிறது. ஆகவே அந்தப் பகுதியின் பற்கள் மட்டும் தேய்ந்து, மற்றவை புதிதுபோல இருக்கும். சில்லைத் திருப்பிப் போட்டால் புதிய பற்கள் வடத்தைப் பற்றிக்கொள்ளும். உதிரிப்பாகம் வராத காலத்தில் எங்கள் மெக்கானிக்குகள் கையாண்ட முறை இது. திருப்பிப் போட்டவர், அடுத்தவருக்கு அடையாளமாகச் சில்லின் முகத்தில் உளியால் ஒரு சிறு புள்ளி குத்திவைப்பார்.

காக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சில்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு புள்ளிகள் இருந்தன. "இது நான் குத்தினது" என்றார் ஒன்றைக் காட்டி. மற்றது யாருடையது என்பது அவருக்கு விளங்கவில்லை. அக்கரைப்பற்றுப் பக்கத்து வேலையாக இருக்கலாம் என்றார்.

உளியை இளைஞரிடம் கொடுத்து, குத்த வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். மூன்றாவது புள்ளி விழுந்தது. எல்லாவற்றையும் பூட்டியதும், காய்ந்த கண்ணாடியில் ஓடவிடக் கூடாது என்று ஒரு வாளி தண்ணீரை ஊற்றச் சொன்னார். வைப்பர்கள் இரண்டும் கைதட்டத் தொடங்கின.

"இதுக்குப் பொறகு பல்லு இல்ல மனெ" என்றார் காக்கா. "பஞ்சிகாவத்தைக்குப் போனா ஒண்டு தேடி வெச்சிக்க."